ஓ நீல்: ஓர் ஐரிஷ் குடும்பப்பெயரின் தோற்றமும் பெயர்வும்

முன்னுரை

குடும்பப்பெயர் குருதிவழியைக் காட்டும் என்பது பெயராய்வில் பெரும்பாலும் வினவப்படாமலே ஏற்கப்படும் கருத்தாகும். ஒரே குடும்பப்பெயர் தாங்கியோர் ஒரு மூதாதையின் வழிவந்தோர் எனவும், அப்பெயரின் தொன்மையே அக்குடும்பத்தின் தொன்மை எனவும் கொள்வது அதன் நீட்சி. இக்கருத்தைச் சோதித்துப் பார்க்க அயர்லாந்தைவிடப் பொருத்தமான களம் அரிது. ஐரோப்பாவில் பரம்பரைக் குடும்பப்பெயர் மிக முற்பட்டு நிலைபெற்ற நாடுகளுள் அயர்லாந்தும் ஒன்று. பத்தாம் நூற்றாண்டிலேயே அங்கு அதன் தொடக்கத்தைக் காணலாம். அந்நாட்டுப் பெயர்களுள்ளும் ‘ஓ நீல்’ தனித்து நோக்கத்தக்கது. அது ஒரு பேரனைச் சுட்டிய உறவுச்சொல்லாகத் தோன்றி, அரசுரிமைப் பட்டமாக வளர்ந்து, சட்டத்தால் தடைசெய்யப்பெற்று, ஏதிலியரோடு கடல் கடந்து, இன்று உலகின் பல நாடுகளிலும் வழங்குவது.

அயர்லாந்திற்கு வெளியே வாழும் ஓ நீல்கள் பலரும் தம்மை அல்ஸ்டர் மாநிலத்து அரசமரபினராகவே கருதிக்கொள்கின்றனர். வம்சாவளி தேடுவோருக்கு விற்கப்படும் குலச்சின்னப் பலகைகளும், செந்நிறக் கை பொறித்த நினைவுப்பொருள்களும் இந்நம்பிக்கையை வளர்க்கின்றன. பெயரின் வரலாறோ இதற்கு முழு ஆதரவு தருவதாக இல்லை. பெயர் எங்கெங்குத் தோன்றியது, யாரால் எவ்வுரிமையில் தாங்கப்பெற்றது, எவ்வழிகளில் கைமாறியது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

சொல்லமைப்பு

‘ஓ நீல்’ என்பது ஆங்கில வழக்கு. ஐரிஷ் மொழியில் இது ‘ஓ நேல்’ என ஒலிக்கப்பெறும். முதலுறுப்பாகிய ‘ஓ’, பழைய ஐரிஷில் ‘ஊவ’ என நின்ற சொல்லின் திரிபு. பேரன் என்பது அதன் நேர்ப்பொருள்; வழித்தோன்றல் என்பது விரிந்த பொருள். இலத்தீனில் பாட்டனைக் குறிக்கும் ‘அவுஸ்’ இதனோடு ஒருவேர்ப்பட்டது. இரண்டாம் உறுப்பு ‘நீயல்’ என்னும் ஆண்பாற் பெயரின் ஆறாம் வேற்றுமை வடிவம். தமிழில் உருபு ஏற்று வரும் வேற்றுமைப் பொருள், ஐரிஷில் இத்தகைய பெயர்களில் சொல்லின் உள்ளே நிகழும் உயிர்மாற்றத்தாலும் ஈற்று மெய்யின் மென்மையாலும் உணர்த்தப்படுகிறது. எனவே ‘நீயல்’ என்பது ‘நேல்’ ஆகிறது. ‘நீயலின் பேரன்’ என்னும் முழுத்தொடரையே ஆங்கிலம் உறைந்த ஒரு சொல்லாக ஏற்றுக்கொண்டது. ஆங்கில எழுத்தில் ‘ஓ’வை அடுத்து இடப்படும் மேற்குறியும் ஐரிஷ் எழுத்துமுறைக்கு உரியதன்று. அக்குறியைக் கண்டு ‘ஓ’ என்பது உடைமைப் பொருள் தரும் ஆங்கில இடைச்சொல்லின் குறுக்கம் எனக் கொள்வோர் உளர்; அது பிழை.

ஐரிஷ் வழக்கில் இப்பெயர் பால் வேறுபாடும் உடையது. மகன் ‘ஓ நேல்’ எனப்படுவான். மகள் ‘நீ நேல்’ எனப்படுவாள். இங்குள்ள ‘நீ’, ‘ஓ-வின் மகள்’ என்னும் தொடரின் சுருக்கம். மணமாகிவந்த மனைவிக்கு ‘மனைவி’ என்னும் பொருளுடைய ‘பன்’ என்ற சொல்லும், ‘ஓ’வின் வேற்றுமை வடிவமாகிய ‘ஈ’யும் சேர்ந்து ‘பன் ஈ நேல்’ என்பது அமையும். பெண்ணொருத்தியை ‘ஓ’ எனல் ஐரிஷ் இலக்கணத்திற்கு ஒவ்வாது; அது அவளைப் பேரன் என்பதற்கு ஒப்பாகும். ஆங்கில ஆட்சியின் பதிவேடுகள் இவ்வேறுபாட்டைக் கைவிட்டமையால், இன்று உலகெங்கும் உள்ள பெண்கள் இலக்கணப்படி ஆண்பாலுக்கே உரிய ஒரு பெயரைத் தாங்குகின்றனர்.

‘ஓ’விற்கு இணையான மற்றொரு முன்னொட்டு ‘மக்’. இது மகன் எனப் பொருள்படும். தமிழின் ‘மகன்’, ‘மக’ என்னும் சொற்களோடு இதனை உறவுபடுத்தும் முயற்சி தமிழ்ச்சூழலில் அவ்வப்போது தலைகாட்டுவதுண்டு. ஆயின் நான்காம் நூற்றாண்டு முதல் கிடைக்கும் ஓகம் எழுத்துக் கல்வெட்டுகளில் இச்சொல் ‘மக்வி’ என்றே காணப்படுகிறது. வேல்ஸ் மொழியில் இதன் இணைச்சொல் ‘மாப்’. ஐரிஷின் ‘க்வ’ ஒலியும் வேல்ஸின் பகர ஒலியும் ஒரே மூலக் கெல்திய ஒலியிலிருந்து முறைப்படி கிளைத்தவை. பகர இணையுடைய இவ்வொலியைத் தமிழின் ககரத்தோடு நேர்நிறுத்த வழியில்லை. ஒலியொப்புமை ஒன்றே கொண்டு உறவு காட்டுதலின் இடர்ப்பாட்டை விளக்க இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம்.

உறவுச்சொல் குடும்பப்பெயராதல்

இப்பெயரின் வரலாற்றில் இரண்டு நீயல்கள் உளர். அவ்விருவரையும் பிரித்தறியாமையே பெருங்குழப்பத்திற்கு வழிவகுத்தது. முன்னவர் ‘ஒன்பது பிணையாளர் நீயல்’ எனப் புகழ்பெற்றவர். மரபுவழிச் செய்திகள் இவரை ஐந்தாம் நூற்றாண்டினராகக் கூறுகின்றன. இவரைச் சூழ்ந்த செய்திகளுள் வரலாறும் புனைவும் பிரிக்க ஒண்ணாதவாறு கலந்துள்ளன. இவர் வழியினர் எனப்பட்டோர் ‘ஈ நேல்’ எனப்பெற்றனர். இது ‘ஊவ’ என்பதன் பன்மை. ‘நீயல் வழியினர்’ என்பது பொருள். இது குடும்பப்பெயரன்று, பல அரசகுடிகளை உள்ளடக்கிய குலக்கூட்டப் பெயர். ஓ டொனெல், மக் லொக்லன் முதலிய குடும்பத்தினரும் ‘ஈ நேல்’ கூட்டத்தவரே. அவர்கள் ‘ஓ நீல்’ அல்லர்.

குடும்பப்பெயருக்கு மூலமானவர் பின்னவர். ‘கருமுழங்கால் நீயல்’ என்னும் சிறப்புப்பெயர் பெற்ற இவர், ‘ஈ நேல்’ கூட்டத்தின் வடகிளையாகிய ஓவன் கால்வழியைச் சேர்ந்தவர். 916 முதல் அயர்லாந்தின் உயர்மன்னராக விளங்கி, 919-இல் டப்ளினுக்கு அருகே வைக்கிங்குகளோடு நிகழ்ந்த போரில் வீழ்ந்தார். இவருடைய மகன் மூர்ஹெர்டக். மூர்ஹெர்டக்கின் மகன் டோனல் 956-இல் உயர்மன்னராகி 980-இல் இறந்தார். இந்த டோனலே ஆண்டுக்குறிப்பேடுகளில் ‘ஊவ நேல்’ எனக் குறிக்கப்பெறுகிறார். அவரைப் பொறுத்தவரை இது குடும்பப்பெயர் அன்று. நீயலின் பேரன் என்னும் உண்மையைக் கூறும் உறவுச்சொல்லே. அவருடைய மக்களும் பேரர்களும் நீயலுக்குப் பேரர்கள் அல்லர். அவர்களும் அதே சொல்லால் அழைக்கப்பெற்றபோதுதான் அது குடும்பப்பெயராயிற்று. உறவுச்சொல் தன் நேர்ப்பொருளில் பொய்யாகும் தலைமுறையே பெயரின் பிறப்பிடம் எனலாம். அதற்கு முன் அயர்லாந்தில் தந்தை பெயர் தலைமுறைதோறும் மாறிவரும் முறையே இருந்தது. தமிழர் முன்னெழுத்து முறையும் இவ்வகையினதே ஆதலின் இம்மாற்றத்தின் தன்மையைத் தமிழ் வாசகர் எளிதில் உணரலாம்.

குடும்பப்பெயர்களை அரசன் பிரயன் போரு ஆணையிட்டுப் புகுத்தினான் என்ற கதை நெடுங்காலம் வழங்கியது. அவன் உயர்மன்னனானது 1002-இல். அதற்கு முன்னரே இத்தகைய பெயர்கள் காணப்படுவதால் கதை நிலைகொள்வதில்லை. கால்வே பகுதித் தலைவர் ஒருவர் 916-இல் இறந்தமையைக் கூறும் குறிப்பில் ‘ஊவ கிளேரி’ என்னும் வடிவம் வருவதை இதற்குச் சான்றாகக் காட்டுவர். ஆணையைவிட அரசியல் தேவையே ஏற்புடைய காரணமாகத் தோன்றுகிறது. அயர்லாந்தில் மூத்தமகன் உரிமை இல்லை. முன்பு ஆண்ட ஒருவரின் ஆண்வழியில் நான்கு தலைமுறை எல்லைக்குள் அடங்கிய எவரும் தலைமைக்குப் போட்டியிடலாம். இத்தகைய அமைப்பில், தகுதியுடைய கிளை எது, அந்நிலையை இழந்த கிளை எது என்பதை அறிவிக்கும் அடையாளம் இன்றியமையாதது. கருமுழங்கால் நீயலின் பெயரைப் பற்றிக்கொண்ட கிளை, அவ்வாறே தன்னைப் பிற கிளைகளிலிருந்து வேறுபடுத்திக்கொண்டது. ஓவன் கால்வழிக்குள் மக் லொக்லன் குடும்பம் நெடுங்காலம் மேலோங்கியிருந்தது. 1241-இல் கமெய்ர்கெ போரில் பிரயன் ஓ நீல், ஓ டொனெல் துணையோடு அக்குடும்பத்தை முறியடித்த பின்னரே டிரோன் நாட்டின் தலைமை ஓ நீல்களிடம் நிலைத்தது. பிரயன் 1260-இல் டவுன் போரில் ஆங்கிலேயரால் கொல்லப்பட்டார். அவருக்குப்பின் வந்த ஏ புய் (1283-இல் இறந்தார்) என்பவரின் வழியினர், பதினான்காம் நூற்றாண்டில் பான் ஆற்றைக் கடந்து கிழக்கே ஆன்ட்ரிம், டவுன் பகுதிகளில் ‘கிளாண்டிபாய்’ என்னும் தனி ஆட்சிப்பகுதியை உருவாக்கினர்.

பட்டமாகிய பெயர்

இப்பெயரின் வரலாற்றில் மிகவும் கூர்ந்து நோக்கத்தக்க பகுதி இதுவே. டிரோன் நாட்டில் ஓ நீல் குடும்பத்தில் பிறந்தோர் நூற்றுக்கணக்கினர் இருக்கலாம். ஆயின் முன்பெயர் எதுவுமின்றி, வெறுமனே ‘ஓ நேல்’ என அழைக்கப்படுபவர் எக்காலத்தும் ஒருவரே. அவரே அந்நாட்டின் தலைவர். டல்லிஹோக் குன்றில் கல் இருக்கை ஒன்றில் அமர்த்தி நிகழும் பதவியேற்புச் சடங்கில் ஓ ஹேகன், ஓ கேகன் குடும்பத் தலைவர்களுக்குத் தனி உரிமைகள் இருந்தன. புதிய தலைவரை இயற்பெயர் நீக்கிக் குடும்பப்பெயரால் மட்டும் விளிப்பதே சடங்கின் உயிர்நிலை. அந்நொடியில் அவருடைய தனிப்பெயர் மறைந்து பட்டம் எஞ்சுகிறது.

ஆங்கில அரசு இதன் பொருளை நன்கு உணர்ந்திருந்தது. 1542-இல் கான் ஓ நீல் கிரீனிச் அரண்மனையில் எட்டாம் ஹென்றியின்முன் பணிந்து, ஓ நீல் என்னும் பெயரைத் துறந்து, ‘டிரோன் கோமகன்’ என்னும் ஆங்கிலப் பட்டத்தைப் பெற்றுக்கொண்டார். பெயரைத் துறத்தல் அவ்வொப்பந்தத்தின் ஒரு விதி. குடும்பப்பெயர் ஒன்றைத் துறக்குமாறு எவரும் கேட்பதில்லை. இங்கே துறக்கப்பட்டது ஓர் அரசுரிமை. நாட்டவர் தேர்ந்தெடுக்கும் தலைமைக்கு மாற்றாக, மன்னர் அளிக்கும், மூத்தமகனுக்குச் செல்லும் பட்டம் புகுத்தப்பட்டது. இம்முறை மாற்றமே குடும்பத்திற்குள் போராக வெடித்தது. கானின் மகன் ஷேன், ஆங்கிலப் பட்டமுறையை மறுத்து ஐரிஷ் முறைப்படி ‘ஓ நேல்’ ஆனார். 1567-இல் குஷெண்டனில் மக்டொனெல்களால் கொல்லப்பட்டார்.

அவர் இறந்த பின்னரும் அவர் பெயர் அரசை அச்சுறுத்தியது. 1569-இல் டப்ளினில் கூடிய நாடாளுமன்றம், ஷேனின் உடைமைகளைப் பறிமுதல் செய்யும் சட்டத்திலேயே ஓ நீல் என்னும் பெயரை ஒழிப்பதாகவும் விதித்தது. அப்பட்டத்தை ஏற்பது அரசத்துரோகம். பெயர்களைத் திருத்திய சட்டங்கள் முன்பும் உண்டு: 1465-ஆம் ஆண்டுச் சட்டம் டப்ளின், மீத், லௌத், கில்டேர் பகுதிகளில் ஆங்கிலேயரிடையே வாழும் ஐரிஷ்காரர் ஊர், நிறம், தொழில், பதவி ஆகியவற்றால் அமைந்த ஆங்கிலப் பெயர்களைச் சூடவேண்டும் என்றது. அது மக்களின் அடையாளத்தைப் பற்றியது. 1569-ஆம் ஆண்டுச் சட்டமோ ஒரு தனிச்சொல்லை இலக்காகக் கொண்டது.

சட்டத்தால் அச்சொல் அழியவில்லை. இங்கிலாந்து அரசியே டிரோன் கோமகனாக ஏற்றிருந்த ஹியூ ஓ நீல், 1595-இல் டல்லிஹோக்கில் ‘ஓ நேல்’ ஆகப் பதவியேற்றார். கோமகன் என்ற பட்டத்தால் அரசி அரசவையில் ஒருவராகவும், ‘ஓ நேல்’ என்ற பட்டத்தால் அல்ஸ்டர் மக்களிடையே தலைவராகவும் ஒரே மனிதர் இருவேறு உரிமைகளைத் தாங்கினார். ஒன்பதாண்டுப் போர் 1601 இறுதியில் கின்சேலில் தோல்வியடைந்தது. 1602-இல் மவுண்ட்ஜாய் பிரபு டல்லிஹோக்கின் கல் இருக்கையை உடைத்தெறிந்தார். படைத்தலைவர் ஒருவர் போர் நடுவே ஒரு நாற்காலியை உடைக்க நேரம் ஒதுக்கியதன் காரணம், பெயருக்கும் அவ்விருக்கைக்கும் இருந்த தொடர்பை அறிந்தவர்க்கு விளங்கும். 1603-இல் மெல்லிஃபோண்ட் உடன்படிக்கையில் ஹியூ உயிரையும் நிலத்தையும் காத்துக்கொண்டார். ‘ஓ நேல்’ என்னும் பட்டத்தைத் துறந்தார்.

வேறுவேறு வேர்கள்

இதுகாறும் கூறப்பட்டது அல்ஸ்டர் வரலாறு. நீயல் என்பது அக்காலத்தில் பரவலாக வழங்கிய ஆண்பெயர் ஆதலின், ‘நீயலின் பேரன்’ என்னும் தொடர் பல இடங்களில் தனித்தனியே தோன்றியிருப்பது இயல்பே. ஐரிஷ் குடும்பப்பெயராய்வின் முன்னோடியான எட்வர்ட் மக்லைசட் (அவருடைய ‘ஐரிஷ் குடும்பங்கள்’ என்னும் நூல் 1957-இல் வெளிவந்தது) அல்ஸ்டருக்குத் தொடர்பற்ற ஓ நீல் குடிகளை வேறு பகுதிகளிலும் இனங்காட்டினார்: கிளேர் சார்ந்த தோமண்டில் ஒன்று, கார்லோவில் ஒன்று, வாட்டர்போர்டு சார்ந்த டீசீஸில் ஒன்று. கிளேர் கிளையினரைப் பற்றி ஒரு மரபுக்கதை உண்டு. லிமெரிக்கில் டேனியரோடு பொருதபோது இவர்கள் பச்சைக் கிளைகளைச் சூடியிருந்தனராம். அதனால் ‘கிளை’ என்னும் பொருளுடைய சொல்லினின்று ‘கிரே’ என்னும் புதுப்பெயர் இவர்களுள் ஒரு பிரிவினர்க்கு அமைந்ததாம். கதையின் உண்மை எவ்வாறாயினும், ஓ நீல் வழியினர் ஓ நீல் அல்லாத பெயரிலும் வழங்கினர் என்பதற்கு அது குறிப்பு.

‘மக் நேல்’ என்பதையும் இங்கே வேறுபடுத்தல் வேண்டும். நீயலின் மகன் எனப் பொருள்படும் இப்பெயர், ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளிலிருந்து கூலிப்படை வீரராக வந்த குடும்பங்களுக்கு உரியது. ஆன்ட்ரிம் பகுதியில் மிகுதி. 1893-இல் டக்ளஸ் ஹைடுடன் இணைந்து கெல்திய மொழிக்கழகத்தைத் தோற்றுவித்த வரலாற்றறிஞர் ஓவன் மக்நீல் ஆன்ட்ரிம் மண்ணில் பிறந்தவர். அதே ஆன்ட்ரிமில், கிளேடி என்னும் சிற்றூரில், ஸ்காட்லாந்துப் பெற்றோர்க்கு 1814-இல் பிறந்தவரே இராபர்ட் கால்டுவெல். பிறந்த மண்ணும் குடும்பப்பெயரும் ஒன்றையொன்று விளக்க வேண்டியதில்லை என்பதற்குத் தமிழறிஞர் நன்கறிந்த சான்று அவர்.

கடல் கடந்த பெயர்

1607 செப்டம்பரில் ஹியூ ஓ நீல், ரோரி ஓ டொனெல் முதலியோர் குடும்பத்தினரோடு லஃப் ஸ்வில்லிக் கரையிலுள்ள ரத்முல்லனில் கப்பலேறினர். ஸ்பெயின் நோக்கிய பயணம், புயலால் பிரான்சின் நார்மண்டிக் கரையில் முடிந்தது. அங்கிருந்து ஃபிளாண்டர்ஸ் வழியாக 1608-இல் உரோமை அடைந்தனர். உடன்சென்ற டைக் ஓ கீனன் இப்பயணத்தை ஐரிஷ் மொழியில் எழுதிவைத்துள்ளார். ஹியூ 1616-இல் உரோமில் இறந்து, மொன்டோரியோ குன்றிலுள்ள புனித பேதுரு கோவிலில் அடக்கம் செய்யப்பெற்றார். ‘கோமக்களின் வெளியேற்றம்’ என வரலாறு கூறும் இந்நிகழ்வுக்குப்பின் டிரோன், அர்மா, டோனெகல், ஃபெர்மானா, கேவன், கோல்ரெய்ன் ஆகிய ஆறு மாவட்ட நிலங்கள் அரசுடைமையாக்கப்பட்டு, ஸ்காட்லாந்து, இங்கிலாந்துக் குடியேறிகளுக்குப் பங்கிடப்பட்டன. இக்குடியேற்றத்தை முன்னின்று நடத்தியவர் அயர்லாந்தின் அரசப்பிரதிநிதி ஆர்தர் சிச்செஸ்டர். இப்பெயர் மீண்டும் வரும்.

புலம்பெயர்ந்த ஓ நீல்களின் முதல் தொழில் போர். ஃபிளாண்டர்ஸில் ஸ்பானிய மன்னருக்காகப் பொருத ஐரிஷ் படைப்பிரிவு அவர்களுக்குப் புகலிடமாயிற்று. ஹியூவின் உடன்பிறந்தார் மகன் ஓவன் ரோ ஓ நீல் 1640-இல் அராஸ் நகரைப் பிரெஞ்சுப் படைக்கு எதிராகக் காத்தவர். 1642-இல் தாயகம் திரும்பி, 1646 ஜூன் 5 அன்று பென்பர்ப் போரில் ஸ்காட்லாந்துப் படையை வென்றார். 1649-இல் அவர் இறந்ததோடு அல்ஸ்டர் படையின் வலிமை குன்றியது. 1691-இல் லிமெரிக் உடன்படிக்கைக்குப் பின்னரும் ஐரிஷ் வீரர் திரள்திரளாக ஐரோப்பா சென்றனர்.

ஸ்பெயினில் இப்பெயர் உயர்குடிப் பெயராயிற்று. 1736-இல் டப்ளினில் பிறந்த ஆர்ட்டுரோ ஓ நீல், ஸ்பெயினின் ஹைபர்னியா படைப்பிரிவில் பணியாற்றி, 1781-இல் பென்சகோலா முற்றுகையில் பங்கேற்று, மேற்கு ஃபுளோரிடாவின் ஆளுநராகவும், 1793 முதல் யுகட்டான் ஆளுநராகவும் விளங்கினார். தந்தைவழி, தாய்வழிப் பெயர்கள் இரண்டையும் சூடும் ஸ்பானிய முறைப்படி ‘ஓ நீல் இ ஓ கெல்லி’ என்பது அவர் பெயர். பிறப்பாலும் குடிப்பெயராலும் உயர்வை மெய்ப்பித்தோர்க்கே ஸ்பானியச் சமூகத்தில் பதவியும் பட்டமும் எளிதாயின. ஆகவே தாயகத்தில் சுமையாகிவிட்ட ‘ஓ’ அங்கே தகுதிச்சான்றாகப் பேணப்பட்டது.

போர்ச்சுகலிலும் அதுவே நிகழ்ந்தது. ஆனால் வாளுக்கு மாற்றாக வணிகம். கிளாண்டிபாய் கிளையினர் பதினெட்டாம் நூற்றாண்டில் லிஸ்பனில் குடியேறினர். அவ்வழிவந்த ஜார்ஜ் ஓ நீல், காஸ்காய்ஸ் கடற்கரையில் 1900-ஆம் ஆண்டளவில் எழுப்பிய கோபுர மாளிகையின் அணிவேலைப்பாடுகளில் ஐரிஷ் மூவிலைச் செடி இடம்பெற்றுள்ளது. ஐரிஷ் மொழியை மறந்து தலைமுறைகள் கழிந்த பின்னும் சின்னம் மறக்கப்படவில்லை. இருபதாம் நூற்றாண்டில் இக்குடும்பத்திலிருந்து அலெக்சாந்த்ரே ஓ நீல் (1924–1986) என்னும் போர்த்துகீசியக் கவிஞர் தோன்றினார். 1947-இல் உருவான லிஸ்பன் மீமெய்ம்மைவாதக் குழுவின் நிறுவுநர்களுள் ஒருவர் அவர்.

முன்னொட்டின் இழப்பு

ஐரோப்பாவில் ‘ஓ’ பேணப்பட்ட அதே நூற்றாண்டுகளில் அயர்லாந்தில் அது உதிர்ந்தது. ஐரிஷ் பெயர் தாங்குவது வழக்குமன்றத்திலும் குத்தகையிலும் ஊறு விளைக்கும் நிலையில், பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ‘நீல்’, ‘நீல்’ என்பதன் வேறு எழுத்து வடிவங்கள் ஆகியன பெருகின. சிலர் பெயரையே மொழிபெயர்த்தனர். ஓ நீல்களுள் ஒரு கிளை, ஷேன் என்பவரின் மக்கள் எனப் பொருள்படும் ‘மக்ஷேன்’ என்ற பெயரால் வழங்கியது. ஷேன் என்பது ஆங்கில ஜானுக்கு நிகர். எனவே மக்ஷேன் ‘ஜான்சன்’ ஆயிற்று. மீத் மாவட்டத்தில் ஏறத்தாழ 1715-இல் பிறந்து, நியூயார்க் குடியேற்றத்தில் பிரித்தானியரின் செவ்விந்திய விவகாரக் கண்காணிப்பாளராக ஓங்கிய சர் வில்லியம் ஜான்சன் இவ்வழியினர். பெயர்ப்பட்டியல் கொண்டு ஓ நீல்களைத் தேடும் எவரும் அவரைக் காணமாட்டார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மொழி மறுமலர்ச்சியோடு முன்னொட்டும் மீண்டது. 1890-ஆம் ஆண்டுப் பிறப்புப் பதிவுகளைக் கொண்டு இராபர்ட் மாத்தசன் வெளியிட்ட அறிக்கையில், அயர்லாந்தில் மிகுதியாக வழங்கும் பெயர்களுள் பத்தாமிடத்தில் ஓ நீல் உள்ளது. மீட்டெடுத்தவர்கள் எல்லாரும் மரபறிந்து மீட்டவர் அல்லர் என்பதும் நோக்கத்தக்கது. ‘நீல்’ என எஞ்சியிருந்த பெயர் சில இடங்களில் பழைய ‘மக் நேல்’ ஆகவும் இருந்திருக்கக் கூடும். அதன்மேல் ‘ஓ’வைச் சேர்த்தால் வேறொரு குடியின் பெயர் கைக்கு வந்துவிடும்.

அட்லாண்டிக்கின் மறுகரை

1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சம் பெயர்வின் அளவையே மாற்றிவிட்டது. 1841-இல் எண்பது இலட்சத்தைக் கடந்திருந்த அயர்லாந்தின் மக்கள்தொகை 1851-இல் ஏறத்தாழ அறுபத்தைந்து இலட்சமாகக் குறைந்தது. இப்போது கப்பலேறியவர்கள் கோமக்களும் படைத்தலைவர்களும் அல்லர். குத்தகை நிலமும் இழந்த உழவர். அவர்களுள் ஒரு குடும்பம் கில்கென்னி மாவட்டத்தினின்று அமெரிக்காவின் பஃபலோ நகரை அடைந்தது. அக்குடும்பத்துச் சிறுவன் ஜேம்ஸ் ஓ நீல் பின்னாளில் மான்டி கிறிஸ்டோ பிரபு வேடத்தால் புகழ்பெற்ற மேடை நடிகரானார். அவர் மகன் யூஜின் ஓ நீல் (1888–1953) 1936-இல் இலக்கியத்திற்கான நோபல் பரிசு பெற்றார். யூஜினின் மகள் ஊனா, சார்லி சாப்ளினின் மனைவி.

கில்கென்னி அல்ஸ்டரில் இல்லை. அது கார்லோவுக்கும் வாட்டர்போர்டுக்கும் அண்மையில், மக்லைசட் கூறிய தென்பகுதி ஓ நீல் குடிகளின் எல்லையில் உள்ளது. ஆகவே இக்குடும்பத்தை டிரோன் அரசமரபோடு இணைக்க நிலவியல் துணைநிற்கவில்லை. ஆயின் யூஜின் தம் மகன் ஒருவருக்கு ஷேன் எனப் பெயரிட்டார். தம் குடும்பத் துயரையே பொருளாகக் கொண்டு 1941-இல் எழுதி முடித்து, அவர் மறைவுக்குப்பின் 1956-இல் வெளிவந்த ‘இரவை நோக்கிய நெடும்பகற் பயணம்’ நாடகத்தில் ஓ நீல் குடும்பத்திற்கு அவர் சூட்டிய பெயர் ‘டிரோன்’. தம் பெயரை மறைக்க விரும்பிய நாடக ஆசிரியர், அப்பெயர் ஒருகாலத்தில் ஆண்ட நாட்டின் பெயரையே மறைப்பாகத் தேர்ந்தார். பெயர் ஒருவருக்குத் தரும் வரலாறு, குருதி தரும் வரலாற்றினின்று வேறாகலாம். படைப்பிலக்கியத்தில் முன்னதே வலியது.

அமெரிக்கத் தென்மாநிலங்களில் இப்பெயரின் பயணம் மேலும் சிக்கலானது. அடிமைத்தளையினின்று விடுபட்ட கறுப்பின மக்கள் பலர் முன்னாள் உடைமையாளர் பெயர்களையோ சூழலில் வழங்கிய பிற பெயர்களையோ ஏற்றமையால், ஐரிஷ் குடும்பப்பெயர்கள் அங்கே குருதித்தொடர்பு இன்றியும் நிலைத்தன.

மரபணுச் சான்றும் அதன் எல்லையும்

டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் 2006-இல் அமெரிக்க மனித மரபியல் ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரை, வடமேற்கு அயர்லாந்து ஆண்களுள் ஏறத்தாழ ஐவரில் ஒருவரிடம் ஒரே வகை ஒய் நிறப்புரி காணப்படுவதைக் காட்டி, அதனை ‘ஈ நேல்’ குலத்தின் ஆதிக்கத்தோடு இணைத்தது. செய்தி ஏடுகள் இதனை ஒன்பது பிணையாளர் நீயலின் இலட்சக்கணக்கான வழித்தோன்றல்கள் எனக் கொண்டாடின. அவ்வடையாளம் நீயலுக்கு முற்பட்ட காலத்திலேயே தோன்றியது எனப் பிந்தைய கணிப்புகள் கூறுவதால், அதனை ஒரு தனிமனிதரின் முத்திரையாகக் கொள்ள இயலாது. மேலும், ஆய்வு பேசியது ‘ஈ நேல்’ குலக்கூட்டத்தைப் பற்றி. வாசகர் படித்தது ‘ஓ நீல்’ குடும்பத்தைப் பற்றி. ஒருமை பன்மை வேறுபாடு ஒன்று கைநழுவியதால் ஐந்நூறாண்டு இடைவெளி மறைந்துபோயிற்று. மொழியறிவின்றி மரபணுச் சான்றை வாசித்தல் எத்துணைப் பிறழ்வுக்கு இடமளிக்கும் என்பதற்கு இது போதிய சான்று.

சிச்செஸ்டர் ஓ நீல் ஆதல்

தாயகத்தில் எஞ்சிய உயர்குடி ஓ நீல்களுள் முதன்மையானவர் ஆன்ட்ரிம் மாவட்டத்து ஷேன் கோட்டையினர், கிளாண்டிபாய் வழியினர். சீர்திருத்தத் திருச்சபையைத் தழுவி நிலத்தைக் காத்துக்கொண்ட இக்குடும்பத்தின் ஆண்வழி 1855-இல் அற்றுப்போயிற்று. உடைமை, பெண்வழி உறவினரான வில்லியம் என்பவரை அடைந்தது. மதகுருவாகிய அவர், அரச உரிமம் பெற்றுத் தம் குடும்பப்பெயரைத் துறந்து ஓ நீல் எனச் சூடிக்கொண்டார். 1868-இல் ‘ஓ நீல் பிரபு’ ஆனார். அவர் துறந்த பெயர் சிச்செஸ்டர். டிரோனின் நிலங்களைப் பங்கிட்ட அரசப்பிரதிநிதியின் குடும்பத்தில் வந்தவர், 1569-இல் சட்டம் ஒழிக்க முயன்ற பெயரைச் சட்டத்தின் வழியாகவே பெற்றார்.

அவர் வழிவந்த டெரன்ஸ் ஓ நீல் 1963 முதல் 1969 வரை வட அயர்லாந்தின் முதலமைச்சராக, பிரித்தானிய ஒன்றிய ஆதரவுக் கட்சியின் தலைவராக விளங்கினார். 1965 ஜனவரி 14 அன்று அயர்லாந்துக் குடியரசின் தலைமை அமைச்சர் ஷோன் லமாஸ் பெல்ஃபாஸ்ட் வந்து அவரைச் சந்தித்தார்; நாடு பிளவுண்டபின் இரு அரசுகளின் தலைவர்கள் அவ்வாறு கூடியது அதன் தொடக்க ஆண்டுகளுக்குப் பின் அதுவே முதன்முறை. வட அயர்லாந்தின் சார்பில் விருந்தினரை வரவேற்ற கை, பெயரால் ஓ நீலுடையது, ஆண்வழியால் சிச்செஸ்டருடையது.